பிளாக்செயின் பரிவர்த்தனைகளை நேரலையில் பிடிப்பது எப்படி? ராமநாதபுரம் கரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் புரோகிராமிங் படிக்கிற பிள்ளைகள் நிறைய. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வந்தால், விசைப்படகுக்குப் போகிறவர்களிலும் சிலர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஈத்தேரியம் என்ற பிளாக்செயினை வைத்து. மற்ற சங்கிலிகளுக்கு (பிளாக்செயினைத்தான் சங்கிலி என்கிறேன்) தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

அண்ணே, ஸ்ட்ரீம்னா என்ன? எக்ஸ்ப்ளோரர் (பரிவர்த்தனைகளைக் காட்டும் இணையதளம்) பக்கத்தைத் திறந்து வச்சு ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தா போதாதா?

ஒரே ஒரு பரிவர்த்தனைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு முகவரிக்குப் பணம் வந்த உடனே ரசீது போக வேண்டும், ஒரு ஒப்பந்தத்தில் (சங்கிலியிலேயே ஓடும் புரோகிராம்) நடப்பதையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும் என்றால் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் புரோகிராம் ஒரு நோடோடு (சங்கிலியின் நகலை வைத்திருக்கும் கணினி) தொடர்பைத் திறந்து வைத்து, இன்ன மாதிரி நடந்தால் சொல் என்று ஒரு தடவை பதிந்துவைக்கிறது. அப்புறம் நடக்க நடக்க நோடு தானே அனுப்பும். அதுதான் ஸ்ட்ரீம்.

நேரலை என்றாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஈத்தேரியத்தில் பிளாக் கட்டும் முறை மாறிய 2022 செப்டம்பருக்குப் பிறகு 12 நொடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் கட்டு). பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று. எந்த லைப்ரரியைப் போட்டாலும் பிளாக் வருவதற்கு முன்னால் உறுதியான செய்தி வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன. மீன் ஏலத்தில் கூறுகிற விலை எல்லோர் காதிலும் விழும். ஆனால் சாயங்காலம் கணக்குத் தீர்ப்பது சிட்டையைப் பார்த்துத்தான். ஸ்ட்ரீமில் வருவது கூறுகிற சத்தம், சங்கிலியில் இருப்பது சிட்டை. சத்தத்தை மட்டும் நம்பிக் கணக்கு எழுதக் கூடாது.

லைப்ரரி எதுக்கு? நேரா நோடுகிட்டயே கேட்டுக்கலாமே?

கேட்கலாம். நோடு பேசுவது ஜேசன் ஆர்பிசி என்ற முறை, அதில் 'ஈத் சப்ஸ்கிரைப்' என்று ஓர் அழைப்பு இருக்கிறது. ஒரு தடவை கையாலேயே அதை அனுப்பிப் பாருங்கள், உள்ளே என்ன ஓடுகிறது என்று புரியும். அதற்குப் பிறகு லைப்ரரிக்கு வந்துவிடுங்கள். பதினாறடிமான எண்களைப் பிரிப்பது, ஒப்பந்தத்தின் வடிவத்தைப் பார்த்து நிகழ்வுகளைப் படிக்கிற மாதிரி மாற்றுவது, எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பொருத்துவது, எல்லாம் அதன் வேலை.

ஜாவாஸ்கிரிப்டில் ஈதர்ஸ் அல்லது வியம், பைத்தானில் வெப்3 பை. பழைய யூடியூப் பாடங்களில் வெப்3 ஜேஎஸ் என்ற லைப்ரரியைக் காட்டுவார்கள். அதன் பராமரிப்பு 2025 மார்ச்சோடு நிறுத்தப்பட்டுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காக்கா (அண்ணே), இதுக்கு வாலட் வேணுமா? காசு போடணுமா? வீட்ல கிரிப்டோன்னாலே திட்டுறாங்க.

இரண்டும் வேண்டாம். நீங்கள் செய்வது படிப்பது மட்டும். சங்கிலியில் எழுதினால்தான் கட்டணம், வாசிப்பதற்கு இல்லை. பழகுவதற்கு செபோலியா என்ற சோதனைச் சங்கிலி இருக்கிறது, அதில் ஓடும் காசுக்கு மதிப்பே கிடையாது. வரியும் அப்படித்தான்: 2022 ஏப்ரல் முதல் வாங்கி விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தம் என்பதெல்லாம் கைமாற்றுகிறவர்களுக்கு. வேடிக்கை பார்ப்பதற்கு வரி கிடையாது.

ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரீம் பார்க்க உங்கள் தனிச் சாவி (வாலட்டில் உள்ள பணத்தை நகர்த்தும் ரகசிய எண்) ஒருபோதும் தேவையில்லை. எந்தப் புரோகிராமோ எந்த மனிதரோ அதைக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் திட்டுவது இந்த மாதிரி ஆட்களை நினைத்துத்தான், அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நோடு நாமளே ஓட்டணுமா?

ஈத்தேரியம் என்றால் ஆரம்பத்தில் வேண்டாம். 2 டிபி அளவுக்கு வேகமான எஸ்எஸ்டி, நிற்காத இணையம், நிற்காத மின்சாரம் எல்லாம் வேண்டும். நோடு சேவை தருகிற நிறுவனங்களின் இலவசத் திட்டமே படிக்கப் போதும். ஆனால் அவர்கள் ஒவ்வொரு செய்தியையும் கணக்கில் வைத்துக் கழிப்பார்கள், எல்லாவற்றையும் அனுப்பு என்று திறந்துவிட்டால் மாத ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிட்காயின் நோடு ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் பழைய பிளாக்குகளை அழித்துவிடும் அமைப்பு உண்டு. அதில் பிளாக் கோப்புகளை 550 எம்பி வரைக்கும் சுருக்கலாம். முதல் தடவை முழுச் சங்கிலியையும் இறக்கிச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும், மொபைல் டேட்டாவில் தொடங்கிவிடாதீர்கள்.

எச்டிடிபி முகவரி ஒண்ணு, வெப்சாக்கெட் முகவரி ஒண்ணுன்னு ரெண்டு குடுத்திருக்காங்க. எதைப் போடுறது?

எச்டிடிபியில் நீங்கள் கேட்டால்தான் பதில். வெப்சாக்கெட்டில் கதவு திறந்தே இருக்கும், நோடு தானே அனுப்பும். கெத் என்ற ஈத்தேரியம் நோடு மென்பொருளை நீங்களே ஓட்டினால் வழக்கமாக எச்டிடிபி போர்ட் 8545, வெப்சாக்கெட் போர்ட் 8546.

எச்டிடிபி முகவரியைக் கொடுத்தாலும் ஈதர்ஸில் நிகழ்வுகள் வரத்தான் செய்யும். பின்னால் அது 4 நொடிக்கு ஒரு தடவை நோடைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிளாக்கே 12 நொடிக்கு ஒன்று என்னும்போது இது ஒன்றும் கேவலமில்லை. சிறிய வேலைக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அறுந்து போகத் தொடர்பே இல்லாததால் தலைவலி குறைவு.

எல்லாப் பரிவர்த்தனையும் வேணாம், ஒரு முகவரிக்கு வர்றது மட்டும் வேணும். முடியுமா?

டோக்கன் (ஓர் ஒப்பந்தம் கணக்கு வைக்கும் காசு) என்றால் முடியும். டாலர் மதிப்பைப் பின்பற்றும் யூஎஸ்டிசி மாதிரி டோக்கன்கள் கைமாறும்போது ஒப்பந்தம் 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு பதிவை (மேலே நிகழ்வு என்றது இதைத்தான்) வெளியிடும். அதில் அனுப்பியவர், பெற்றவர் இருவரும் தேடக்கூடிய புலங்களாக இருப்பார்கள். ஒப்பந்த முகவரி இது, பெற்றவர் இவர் என்று வடிகட்டிப் பதிந்தால் நோடே சலித்து அனுப்பும்.

நிறையப் பேர் தடுக்கி விழுவது அடுத்ததில். ஈத்தேரியத்தின் சொந்தக் காசான ஈத்தரை மட்டும் அனுப்பினால் இந்த மாதிரிப் பதிவு எதுவும் வராது. அதற்குப் புதிய பிளாக் தலைப்புகளை (பிளாக்கின் சுருக்க விவரம்) பின்தொடர்ந்து, ஒவ்வொரு பிளாக்கையும் முழுசாக வாங்கி, அதிலுள்ள பரிவர்த்தனைகளில் உங்கள் முகவரியைத் தேட வேண்டும். ஓர் ஒப்பந்தம் தன் உள்ளிருந்து ஈத்தர் அனுப்பினால் இந்தத் தேடலிலும் சிக்காது. அதற்கு டிரேஸ் (ஒப்பந்தத்துக்குள் நடப்பதைப் படிப்படியாகக் காட்டும்) வசதி தரும் நோடு வேண்டும், இலவசத் திட்டங்களில் அது பெரும்பாலும் இருக்காது.

25 யூஎஸ்டிசி அனுப்பினாங்க. எனக்கு 25000000-ன்னு காட்டுது. கோடீஸ்வரன் ஆயிட்டேனா?

இல்லை. சங்கிலியில் புள்ளி வைத்த எண்ணே கிடையாது, எல்லாம் முழு எண். யூஎஸ்டிசிக்கு 6 தசம இடம், ஈத்தருக்கு 18. எத்தனை இடம் என்று ஒப்பந்தத்திடமே கேட்டு வாங்கி, காட்டும்போது மட்டும் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை, 2-இன் 53ஆம் அடுக்கைத் தாண்டினால் முழு எண்ணைத் துல்லியமாக வைத்திருக்காது. வெறும் 1 ஈத்தரே அதைவிடப் பெரிய எண். அதனால்தான் லைப்ரரி பிக் இன்ட் என்ற பெரிய முழு எண் வகையாகத் தருகிறது. டேட்டாபேஸிலும் எழுத்தாகவோ பெரிய தசம வகையாகவோதான் வையுங்கள்.

மெம்பூல்லயே பார்த்துட்டா இன்னும் சீக்கிரம் தெரியுமே? பார்த்த உடனே சரக்கை ஏத்தி விட்டா என்ன?

ஏற்றாதீர்கள். மெம்பூலில் இருப்பது இன்னும் எந்தப் பிளாக்கிலும் ஏறாத பரிவர்த்தனை. அனுப்பியவர் அதே வரிசை எண்ணில் (அவருடைய பரிவர்த்தனைகளை எண்ணும் எண்) கூடுதல் கட்டணத்தோடு வேறொன்றை அனுப்பி முதலாவதைச் செல்லாமல் ஆக்கலாம். உங்கள் நோடு பார்க்கும் மெம்பூல் முழுசானதும் இல்லை, பொதுவெளிக்கு வராமல் நேராகப் பிளாக் கட்டுகிறவர்களுக்கே போகும் பரிவர்த்தனைகள் நிறைய.

பிளாக்கில் ஏறியும் தோற்றுப்போகிற பரிவர்த்தனை உண்டு. அதன் ரசீதில் நிலை 0 என்று இருக்கும், கட்டணம் மட்டும் கழிந்திருக்கும். டோக்கன் பதிவுகளைக் கேட்கிறவர்களுக்கு இதில் கவலையில்லை, தோற்றதில் பதிவு வெளிவராது. முன்னே சொன்ன மாதிரி பிளாக்கை முழுசாக வாங்கி ஈத்தர் தேடுகிறவர்கள் ரசீதைப் பார்க்காமல் வரவு வைக்கக் கூடாது.

அண்ணே, ஒரு வரவு வந்துச்சு, டேட்டாபேஸ்ல ஏத்திட்டேன். கொஞ்ச நேரத்துல எக்ஸ்ப்ளோரர்ல அதைக் காணோம். பேய் பிசாசா?

மறுசீரமைப்பு. சங்கிலியின் நுனியில் சில சமயம் இரண்டு பிளாக் போட்டி போடும், தோற்ற பக்கம் கழற்றி விடப்படும். அதிலிருந்த பரிவர்த்தனை பெரும்பாலும் அடுத்த பிளாக்குகளில் திரும்ப ஏறிவிடும். ஏறியே ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் கழற்றப்பட்டதை நோடு திரும்ப அனுப்பும், 'ரிமூவ்ட்' என்ற இடத்தில் உண்மை என்று குறித்து. அதைக் கவனிக்காமல் புது வரவாக எழுதுகிற புரோகிராம்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் தொடர்பு அறுந்திருந்தால் அந்தச் செய்தியும் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு பிளாக்கின் ஹாஷையும் (அதன் கைரேகை மாதிரியான எண்) சேமித்து, அடுத்து வரும் பிளாக் தன் தாய் என்று சொல்கிற ஹாஷோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். பொருந்தவில்லை என்றால் பொருந்தும் இடம் வரை பின்னோக்கிப் போய் எழுதியதை அழியுங்கள்.

எப்போது நிம்மதியாக இருக்கலாம்? ஈத்தேரியத்தில் 32 பிளாக் இடங்கள் சேர்ந்தது ஓர் இபாக். இரண்டு இபாக் கடந்தால், அதாவது சுமார் 13 நிமிடத்தில், பிளாக் இறுதியாகிவிடும். 'ஃபைனலைஸ்ட்' என்று கேட்டால் அப்படி இறுதியான கடைசிப் பிளாக்கை நோடு தரும். நிமிடத்தை எண்ணாமல் இதையே கேளுங்கள். 2023 மே 11, 12 தேதிகளில் பிளாக்குகள் வந்துகொண்டே இருந்தும் இறுதியாவது மட்டும் சிறிது நேரம் தடைபட்டது. கடிகாரத்தை நம்பிய புரோகிராம் அன்றைக்கு ஏமாந்திருக்கும். டீக்கடைத் தொகைக்கு இரண்டு பிளாக் போதும், பெரிய தொகைக்கு இறுதியாகும் வரை காத்திருங்கள்.

ஒரே வரவு ரெண்டு தடவை விழுது. லைப்ரரியில பக் (பிழை) இருக்கா?

பெரும்பாலும் பக் இல்லை. மறு இணைப்பு, மறுசீரமைப்பு, கீழே சொல்லப்போகும் விட்டதைப் பிடிக்கும் வேலை, இதில் எது நடந்தாலும் ஒரே செய்தி திரும்ப வரலாம். பரிவர்த்தனை ஹாஷையும் பதிவின் வரிசை எண்ணையும் சேர்த்து டேட்டாபேஸில் தனித்துவச் சாவியாக வையுங்கள். ஹாஷ் மட்டும் போதாது, ஒரே பரிவர்த்தனைக்குள் பத்து டிரான்ஸ்ஃபர் இருக்கலாம்.

எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைன்னா கரண்ட் எப்போ போகும்னே தெரியாது. இடையில வந்த பரிவர்த்தனை போனது போனதுதானா?

ஸ்ட்ரீமில் போனது போனதுதான், நோடு உங்களுக்காக எடுத்துவைக்காது. சங்கிலியில் எங்கேயும் போகவில்லை. கடைசியாக முடித்த பிளாக் எண்ணை ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸில் எழுதிவையுங்கள். வரவை எழுதும் அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் (எழுதினால் எல்லாம், இல்லையென்றால் எதுவும் இல்லை என்ற தொகுப்பு) இதையும் எழுத வேண்டும், தனித்தனியாக எழுதினால் நடுவில் கரண்ட் போகும்போது இரண்டும் பொருந்தாமல் நிற்கும். மறுபடி எழுந்ததும் அந்த எண்ணிலிருந்து இப்போதைய பிளாக் வரைக்கும் 'கெட் லாக்ஸ்' அழைப்பால் பழைய பதிவுகளைக் கேளுங்கள். ஒரு தடவையில் எத்தனை பிளாக் கேட்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சேவையும் ஒரு வரம்பு வைத்திருக்கும், துண்டு துண்டாகக் கேளுங்கள்.

வரிசை முக்கியம். பழையதை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் ஸ்ட்ரீமைத் திறந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாக் நழுவும். முதலில் ஸ்ட்ரீமைத் திறந்து வருவதை ஒரு வரிசையில் தேக்கிவையுங்கள், அப்புறம் பழையதை வாங்குங்கள், அது முடிந்ததும் தேக்கியதை விடுங்கள். நாலைந்து பிளாக் பின்னாலிருந்தே தொடங்கினாலும் தப்பில்லை. இரட்டையாக வருவதை முந்தின பதிலில் சொன்ன சாவி தடுத்துவிடும்.

தொடர்பு அறுந்ததே தெரியாமல் இருப்பதுதான் இதைவிட மோசம். பிழை வராது, செய்தியும் வராது, புரோகிராம் சும்மா உட்கார்ந்திருக்கும். ஈதர்ஸின் வெப்சாக்கெட் இணைப்பு அறுந்தால் தானாகத் திரும்ப இணைவதில்லை, அந்த வேலையை நீங்கள்தான் எழுத வேண்டும். வியம் திரும்ப இணைய முயலும். எதை வைத்தாலும் புதிய பிளாக் தலைப்பையும் கூடவே கேட்டுவையுங்கள், அதுதான் நாடித்துடிப்பு. ஒரு பிளாக் இடம் காலியாகி 24 நொடி இடைவெளி வருவது சாதாரணம். ஒரு நிமிடம் எதுவும் வரவில்லை என்றால் தொடர்பை வெட்டிப் புதிதாக இணையுங்கள். தோற்றால் 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். விடாமல் தட்டினால் சேவைக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நேரடியாகச் சொன்னால், இதை வீட்டுக் கணினியில் ஓட்டுவதைவிட வாடகை சர்வர் ஒன்றில் ஓட்டிவிட்டு, உங்கள் போனுக்கு அறிவிப்பு மட்டும் வரச் செய்வது நல்லது. கடலுக்குள் போகிறவர்கள் கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் அதிகமான நேரத்துல என் புரோகிராம் பின்தங்கிப் போகுது, ஏன்?

செய்தி வந்து விழும் இடத்திலேயே டேட்டாபேஸ், மின்னஞ்சல், இன்னொரு நோடு அழைப்பு என்று எல்லா வேலையையும் செய்கிறீர்கள். அங்கே வாங்கி வரிசையில் போடுவது மட்டும் நடக்கட்டும், மீதியை வேறொரு பகுதி எடுத்துச் செய்யட்டும். ஜாவாஸ்கிரிப்டில் முந்தின செய்தியின் வேலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும் என்பதால், வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால்தான் முன்பின் மாறாது.

யூஎஸ்டிடி வந்ததா ஸ்ட்ரீம் சொல்லுது, வாலட்ல பேலன்ஸ் ஏறல. எப்படி?

போலி. டோக்கனுக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம், டிரான்ஸ்ஃபர் என்ற பதிவை எந்த ஒப்பந்தமும் வெளியிடலாம். பெயரைப் பார்க்காதீர்கள். டோக்கன் வெளியிட்டவர்களின் சொந்தத் தளத்திலிருந்து ஒப்பந்த முகவரியை எடுத்து அதைக் கொண்டு வடிகட்டுங்கள்.

0 தொகைக்கு வருகிற டிரான்ஸ்ஃபர்களும் உண்டு. உங்களுக்குப் பழக்கமான முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் இருக்கிற வேறொரு முகவரியை உங்கள் பட்டியலில் நுழைக்கும் தந்திரம் அது. அடுத்த தடவை நீங்கள் அவசரத்தில் அதை நகலெடுத்துப் பணம் அனுப்புவீர்கள் என்று காத்திருப்பார்கள். 0 வரவுகளைக் காட்டாதீர்கள், முகவரியைச் சுருக்கியும் காட்டாதீர்கள்.

பிட்காயின், சொலானா, ஸ்டெல்லாருக்கும் இதே கோடு (புரோகிராம்) ஓடுமா?

கோடு ஓடாது, யோசனை ஓடும். பிட்காயின் கோர் நோடு இசட்எம்க்யூ என்ற செய்தி அனுப்பும் முறை வழியாகப் பரிவர்த்தனையையும் பிளாக்கையும் அனுப்பும். ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் இருக்கும், எண் தாவினால் நடுவில் ஒன்று தொலைந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே 6 உறுதி (பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் சேர்த்து 6 பிளாக்), சுமார் ஒரு மணி நேரம் என்பது பழைய வழக்கம். சொலானாவில் பிளாக் இடம் சுமார் 400 மில்லிநொடி, வெள்ளமாக வரும். 'பிராசஸ்ட்', 'கன்ஃபர்ம்ட்', 'ஃபைனலைஸ்ட்' என்று எந்த அளவு உறுதி வேண்டும் என்பதைப் பதியும்போதே சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஸ்டெல்லார். அதன் ஹொரைசன் சேவையில் ஒவ்வொரு பதிவோடும் ஒரு இடக்குறி வரும். அறுந்துபோனால் அந்தக் குறியைக் கொடுத்து, இதற்குப் பிறகு உள்ளதைக் கொடு என்றால் போதும். மேலே நான் இவ்வளவு எழுதியதில் பாதி வேலை அங்கே தேவையே இல்லை.

தம்பி, நாங்க நண்டு, கணவாய் வெளிநாட்டுக்கு அனுப்புறோம். எடையை எல்லாம் பிளாக்செயின்ல போட்டுட்டா வாங்குறவன் அங்கிருந்தே நேரலையா பார்ப்பான்ல?

பார்ப்பார். எடை எழுதப்பட்டது, எழுதிய பிறகு மாற்றப்படவில்லை என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். எடைமேடையில் நிறுத்தது சரியா, ஐஸையும் சேர்த்து நிறுத்தார்களா என்பதை எந்தச் சங்கிலியும் சொல்லாது. உங்களுக்கும் வாங்குகிறவருக்கும் நம்பிக்கை இருந்தால் சாதாரண டேட்டாபேஸும் ஒரு இணையப் பக்கமும் போதும், செலவும் குறைவு. ஒருவரை ஒருவர் நம்பாத பல நிறுவனங்கள் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மாதிரி அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் சங்கிலியைப் பாருங்கள். அதன் கேட்வே லைப்ரரியில் எதுவரை படித்தோம் என்று குறித்துவைக்கும் வசதி கூடவே வருகிறது.

எல்லாம் செஞ்சாச்சு. ஒண்ணும் விட்டுப் போகலன்னு எப்படி நம்புறது?

நம்பாதீர்கள், கணக்குப் பார்த்துவிடுங்கள். இறுதியான இரண்டு பிளாக்குகளை எடுங்கள், ஒன்று நேற்றையது, ஒன்று இன்றையது. இரண்டிலும் அந்த முகவரியின் டோக்கன் இருப்பை நோடிடம் கேளுங்கள். நீங்கள் சேமித்த வரவில் செலவைக் கழித்தால் இந்த இரண்டு இருப்புகளின் வித்தியாசம் வர வேண்டும். வரவில்லை என்றால் நடுவில் ஒரு பிளாக்கை எடுத்து எந்தப் பாதியில் பிழை என்று பாருங்கள். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் விட்ட இடம் சீக்கிரம் மாட்டும்.

இதில் இரண்டு சிக்கல். சாதாரண நோடு கடைசி 128 பிளாக் அளவுக்குத்தான் பழைய இருப்பை வைத்திருக்கும், அதாவது அரை மணி நேரம்கூட இல்லை. நேற்றைய இருப்பைக் கேட்க, பழைய இருப்பை எல்லாம் வைத்திருக்கும் ஆர்கைவ் நோடு வேண்டும், அல்லது தினமும் அந்த நேரத்தில் இருப்பை நீங்களே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அப்புறம், எஸ்டிஈத் (ஈத்தரைப் பூட்டிவைப்பதற்குப் பதிலாகக் கிடைக்கும் டோக்கன்) மாதிரி சில டோக்கன்களில் டிரான்ஸ்ஃபர் எதுவும் நடக்காமலே எல்லோருடைய இருப்பும் தினம் மாறும். அவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அந்த ஒப்பந்தம் பங்குக் கணக்கை எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்து அதைத்தான் ஒப்பிட வேண்டும்.